எல்லாமே நீலமாக இருந்த இன்பாக்ஸ்

ஸ்டெல்லாக்கா போயிட்டாங்க.

காலையில் அவங்க மகள் போன் பண்ணினாள். "சித்தி... அம்மா..." அதுக்கு மேல் அவளால் பேச முடியவில்லை. 

இதைப் படிக்கிற பலருக்கு அக்காவைத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாங்கள் ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பார்த்தோம். நான் ஒக்கூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவங்க சிங்கம்புணரியிலிருந்து.

கவுண்ட்டரில் பொம்பளைகள் இருக்கிறோம் என்பதாலேயே பொம்பளைக் கூட்டம் வரும். புருஷன் சவுதியில், துபாயில் இருப்பார். மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று ஒரு வீடே வந்து ஒரு மானிட்டர் முன்னால் நிற்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில். போன புதுசில் வாரம் தவறாமல் மெயில் வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார். அப்புறம் குறைந்தது... அப்புறம் நின்றே போனது.

அதைப் பற்றி அக்கா பேசவே மாட்டாங்க. நானும் கேட்டதில்லை.

அப்போதெல்லாம் ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். வந்தவங்க பொறுமை இல்லாமல் க்ளிக் க்ளிக் என்று அடித்து எல்லாவற்றையும் ஹேங் பண்ணிவிடுவாங்க. எனக்குக் கோபம் வரும், வாய் சும்மா இருக்காது.

அக்கா மட்டும் பக்கத்தில் போய் நின்று, திரையின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிற நீலப் பட்டையைக் காட்டுவாங்க. "இங்குட்டுப் பாருங்க... ஊர்ந்துக்கிட்டு வருதுல்ல? வந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் கையை எடுத்துருங்க."

அதுக்கப்புறம் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருப்பாங்க எல்லாரும்.

பெரிய பிரச்சினை, மூலையில் இருக்கிற X. ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்க. வாத்தியார் தப்பு போடுகிற குறி அல்லவா...

நூர்ஜஹான் மதினி என்று ஒருத்தங்க வருவாங்க. "அதுல தப்பு போட்டா அவுக அனுப்புனது அழிஞ்சுராதா?" என்று மிரளுவாங்க. மெயிலை அப்படியே திறந்து போட்டுவிட்டு எழுந்து போவாங்க.

"அழியாது மதினி. கதவைச் சாத்துற மாதிரி. நீங்க வாரப்ப எல்லாம் உள்ளதான் இருக்கும்." அக்கா அவங்க கையைப் பிடித்து, மவுஸை நகர்த்தி, சேர்ந்தே மூடுவாங்க.

அப்படியும் மறந்துவிட்டுப் போவாங்க. ஒருநாள் ஒருத்தி வீட்டு விஷயத்தை அடுத்து உட்கார்ந்தவன் படித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோனது. அந்தப் பெண் அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை.

ஓனர் கத்தினார். தினமும் கடை மூடும்போது எல்லா மிஷினிலும் ஹிஸ்டரியை, அதாவது யார் எதைத் திறந்தாங்க என்கிற பதிவை, அழிக்கணும் என்று ஆர்டர். அழித்தோம். வந்தது வேறு வினை.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவங்களுக்கு அக்கா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாங்க. "நீலமா இருந்தா புதுசு. ஊதாவா இருந்தா நீங்க படிச்சது." ஹிஸ்டரியை அழித்தால் ஊதா எல்லாம் மறுபடி நீலமாகிவிடும். இது அப்போது எங்கள் மண்டைக்கு எட்டவில்லை.

மறுநாள் நூர்ஜஹான் மதினி வந்து உட்கார்ந்ததும் கூவினாங்க. "ஏத்தா ஸ்டெல்லா, இத்தனை மெயில் போட்டிருக்காகளே!"

ஒவ்வொன்றாகத் திறந்தாங்க. எல்லாம் பழசு. முகம் விழுந்துபோனது. X போட்டு மூடிவிட்டு எழுந்து போனாங்க. அன்னைக்கு மட்டும் மறக்கவில்லை.

அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஓனரிடம் சண்டை போட்டு ஒரு மிஷினைச் சுவர்ப்பக்கமாக ஒதுக்கி, உட்கார்ந்தவங்க தவிர யாருக்கும் திரை தெரியாதபடி திருப்பி வைத்தாங்க. வாடிக்கையாக வருகிற பொம்பளைகளுக்கு மட்டும். அதில் ஹிஸ்டரியை அழிப்பதில்லை. யாருக்கும் ஏமாற்றம் இருக்கக் கூடாது என்று.

ஆனால் அக்கா அந்த மிஷினில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் சீக்கிரம் போய்விட்டேன். ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. அக்கா கவுண்ட்டர் மிஷினில் ஹிஸ்டரியை அழித்துக்கொண்டு இருந்தாங்க.

"நேத்தே அழிச்சாச்சேக்கா?"

"அழிச்சதுக்கப்புறம் ஒருக்கா மெயிலைப் பாத்துட்டேன்டி. எல்லாம் ஊதாவாயிருச்சு."

இன்பாக்ஸைத் திறந்தாங்க. மேலிருந்து கீழே வரை வீட்டுக்காரர் பேர்தான். எல்லாமே நீலம்.

"இப்பப் பாரு... எல்லாம் இப்பத்தான் வந்த மாதிரி இல்ல?"

நான் ஷட்டரை முழுசாகத் தூக்கப் போய்விட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி திருப்பூர் வந்துவிட்டேன். சென்டரும் மூடிப்போனது. அக்கா காரைக்குடியிலேயே தங்கி, ஒரு ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்த்து மகளை ஆளாக்கினாங்க. வீட்டுக்காரர் வரவே இல்லை. இருக்கிறாரா, இல்லையா என்றும் ஒரு தகவல் இல்லை. எவ்வளவு பெரிய பாவி அந்த மனுஷன் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், அக்கா முன்னால் மட்டும் இல்லை.

மத்தியானம் மகள் மறுபடி போன் பண்ணினாள். அழுகை கொஞ்சம் அடங்கியிருந்தது.

"சித்தி, அம்மா போன்ல அந்தப் பழைய மெயில் ஓப்பன்லயே இருக்கு. மாசத்துக்கு ஒருக்கா உள்ள போயிட்டு வருவாங்க. போகலைன்னா மெயில் கம்பெனிக்காரன் எல்லாத்தையும் அழிச்சுருவானாம். இப்ப மூடிரவா?"

ஊரே திறந்துபோட்டுப் போன மெயிலை எல்லாம் மூடியவர்கள் நாங்கள்...

"இருக்கட்டும்த்தா," என்றேன். "இந்த மாசம் உள்ள போயிட்டு வந்தாங்களான்னு மட்டும் பாரு."



"இல்ல சித்தி. ஆஸ்பத்திரியில இருந்தாங்கல்ல..."

"அப்ப நீ ஒருக்கா போயிட்டு வந்துரு."

சாயங்காலம் காரைக்குடியில் அடக்கம். நான் பஸ்ஸில் இருக்கிறேன். திருப்பத்தூர் தாண்டியாச்சு.

வந்துக்கிட்டே இருக்கேன்க்கா.