பல்லில் உரசிய முத்து

மகளின் கலியாணத்துக்கு முத்துமாலை வாங்க மட்டக்களப்பில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். சண்டைக் காலம், பின்னேரமானால் கடைகளை அவசரமாகப் பூட்டிவிடுவார்கள். அங்கே என் வயதுக்காரி ஒருத்தி, எந்த அவசரமும் இல்லாமல், தட்டிலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்பல்லில் உரசிக்கொண்டிருந்தாள். அந்தப் பல்லின் நுனி தேய்ந்திருந்தது. கடைக்காரர் அவளைத் தடுக்கவில்லை.

நான் தடுமாறுவதைக் கண்டு தானாகவே சொல்லித் தந்தாள்.

"எல்லாம் ஒரே அளவாப் பளபளண்டு இருந்தா நம்பாத புள்ள. நல்ல முத்தெண்டா பல்லில மண் கடிச்ச மாதிரி நறநறக்கும். போலி வழுக்கும்."

"நீங்களும் வாங்க வந்தீங்களா அக்கா?"

"இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு பிரேதத்தில கிடந்த மாலையைக் காட்டி, உங்கட மகள்டயா எண்டு கேட்டாங்க. முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது. மாலை அவள்டதப் போலத்தான் இருந்திச்சு. உரசினன், வழுக்கிச்சு. நான் அவளுக்கு இந்தக் கடையில நல்ல முத்தெல்லோ வாங்கிக் குடுத்தன்? அப்ப அது அவளில்லத்தானே?"

தட்டிலிருந்து ஒரு மாலையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"உரசி உரசி என்ட பல்லு மரத்துப்போச்சு. இதுவும் நான் அவளுக்கு வாங்கின மாதிரி மாலைதான். நீ பார்த்துச் சொல்லு."

உரசினேன். கண்ணாடியாக வழுக்கியது. கடைக்காரர் குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நறநறக்குது அக்கா" என்றேன்.

அவள் மாலையை என் கையிலிருந்து எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, "அப்ப நல்லதுதான், நீயே எடு புள்ள" என்று என்னிடமே தந்தாள்.

கடைக்காரர் நல்ல முத்துக்குரிய விலையைச் சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்தேன். அவள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.