அந்தப் பட்டியலில் இல்லாத பரிசோதனை

அக்காவின் ஃபைல் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. நான்கு வருடத்து முழு உடல் பரிசோதனை முடிவுகள். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, சிறுநீரகம், ஈசிஜி, வயிற்று ஸ்கேன் என்று ஒன்று பாக்கியில்லை. ஒவ்வொரு வருடத்து முதல் பக்கத்திலும் மூலையில் மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள். அதைக் கையில் எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்கு ஊர் விக்கிரமங்கலம். நான் பெரம்பலூரில் பள்ளிக்கூட ஆசிரியை. மாமா இறந்த பிறகு அவள் ஒண்டியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்ததும் ஒரு வாரம் என் வீட்டில் வந்து இருப்பாள். அந்த வாரத்தில் ஒரு நாள் வெறும் வயிற்றோடு அவளைத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் எல்லாச் சோதனையும் எடுத்துவிடுவேன். என் ஏற்பாடுதான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முடிவு வந்ததும் நானே படித்து, "ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் சரியா இருக்கு" என்பேன். அவள் ஃபைலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஊருக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள்.

இரண்டாம் வருடம் அவள் இங்கே இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் மருத்துவ முகாம் போட்டார்கள். பிரஷர் பார்த்துக்கொள்ளலாம் என்று போனோம். அங்கிருந்த நர்ஸ் அக்காவைப் பார்த்து, "உள்ள வாங்கம்மா, கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிடலாம்" என்றாள். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான்தான் முந்திக்கொண்டு பேசினேன்.

"இவங்களுக்கு முந்தாநேத்துதான் ஃபுல் செக்கப் பண்ணிருக்கோம். ஃபைல எடுத்தாந்து காட்டட்டுமா?"

"அதுல இது வராதுங்க டீச்சர். இது வேற. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை சோதனை எடுத்தவளிடம் இவள் என்ன பாடம் நடத்துகிறாள் என்று நினைத்தேன். "அதெல்லாம் பாத்தாச்சுங்க" என்று சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லவேள பாப்பா, நீ இருந்த. இல்லன்னா துணிய அவுக்கச் சொல்லிருப்பா."

மூன்றாம் வருடம் பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் போனோம். வருடா வருடம் மலை ஏறி முருகனைப் பார்க்காமல் அக்கா திரும்பினதில்லை. அந்த வருடம் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முட்டி வலிக்குது. நீ ஏறிட்டு வா."

நான் மேலே போய் அவள் முட்டிக்காக வேண்டிக்கொண்டு திருநீறு வாங்கி வந்தேன். மறுநாள் முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தேன். முட்டியில் ஒன்றுமில்லை. நான்காம் வருடப் பரிசோதனையில் ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு என்று வந்தது. பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பங்குனிக்கும் அவள் மலை ஏறவில்லை.

ஆடி மாதம் வந்திருந்தவள் ஒருநாள் காலையில் கொல்லையில் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவளுக்கு மாதவிலக்கு நின்று பத்து வருடமாகிவிட்டது.

"என்னக்கா இது?"

"ஒரு வருஷத்துக்கு மேலாவே அப்பப்ப படுது பாப்பா. தீட்டோட மலை ஏறலாமா? அதான் கீழயே ஒக்காந்துட்டேன்."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"பெருசா ஏதாவது இருந்தா ஃபைல்ல வந்துருக்குமே. நீதான ஒண்ணும் இல்லன்னு படிச்ச."

அன்றைக்கே அரியலூரில் ஒரு பெண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அப்போதும் புத்தியில்லாமல், அக்கா ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த ஃபைலை எடுத்துப்போய் அவர் மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அக்காவைச் சோதித்துவிட்டு வந்தபோது அவர் முகமே சரியில்லை. சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், பக்கத்திலெல்லாம் பரவியிருந்தது.

"எச்.பி.வி.ன்னு ஒரு கிருமிங்க, அதாலதான் இது வருது. பல வருஷம் சத்தமில்லாம உள்ள இருக்கும்" என்றார்.

"வருஷா வருஷம் ரத்தம் எடுத்தாங்களே டாக்டர்?"

"இந்த ரத்த டெஸ்ட்ல, யூரின் டெஸ்ட்ல அது தெரியாதுங்க. ஸ்கேன்லயும் கிருமி தெரியாது. கர்ப்பப்பை வாயில ஒரு சின்ன பிரஷ் வச்சுத் தடவி எடுத்து, அதுக்குன்னு தனியா டெஸ்ட் பண்ணணும். நீங்க எடுத்த பட்டியல்ல அது இல்லவே இல்ல. முன்னாடியே பாத்திருந்தா புண்ணா இருக்கும்போதே சரிபண்ணிருக்கலாம்."

அந்தக் கிருமி உடலுறவில் தொற்றுவது என்று அவர் சொன்னபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ரொம்பப் பேருக்கு வந்து தானா போயிடும்மா, இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்று மருத்துவர் எவ்வளவோ சொன்னார். பஸ்ஸில் வரும்போது அக்கா என்னிடம் மெதுவாக, "மாமாவத் தவிர எனக்கு யாரத் தெரியும், பாப்பா?" என்றாள். நான் அவளைப் பார்க்கத் துணியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருச்சியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. மருந்து ஏற்றினார்கள். முடி போனது, சோறு போனது. போன மாதம், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது என் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். வலி மாத்திரை போட்டால் இரண்டு மணிநேரம் பேசுவாள். பேசும்போதெல்லாம் ஒன்றையே பிடித்துக்கொண்டாள்: நான் போய் அந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

தள்ளிப்போட்டுப் பார்த்தேன். அவள் விடவில்லை. தானும் வருவேன் என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அரசு மருத்துவமனையில் அவளை வெளி பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். படுக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கூச்சம், ஒரு சின்ன குத்தல். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சேலைத்தலைப்பால் மூடிய மொட்டைத் தலை, எலும்பாய்ப் போன முகம்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?"

"முடிஞ்சிருச்சுக்கா."

நான் வந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா பாப்பா?" என்றாள்.