கை வலிக்காத பெட்டி

டிபன் டப்பாவைவிடச் சற்றுப் பெரியது அந்தப் பெட்டி. கறுப்பு நிறம். செகந்திராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவின் மூத்த மகன் அதை ஒரு துண்டிலிருந்து பிரித்து ஸ்டூல்மேல் வைத்தார். பெரியண்ணன் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். ஒரு பட்டனை அழுத்தினார். ட்ரம்ஸ் சத்தம் வந்தது. ஆளும் இல்லை, குச்சியும் இல்லை, வேகம் மட்டும் மாறவே இல்லை. "சிங்கப்பூர்லருந்து மச்சான் கொண்டாந்தது. இதுக்குக் கை வலிக்காது, காய்ச்சல் வராது, கல்யாணமாயி வேற ஊருக்கும் போவாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் அக்காவும் சிரித்தாள். பள்ளி முடித்த வருஷத்திலிருந்து அவருடைய பேண்டுக்கு ட்ரம்ஸ் வாசித்துவந்தவள் அவள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் வரவில்லை.

நான் அந்த பேண்டின் ரசிகை. சொந்தக்காரி என்பதால் ரசிகை ஆகவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டவர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் லாரியில் ஏறி வீடு வீடாகக் கீதம் பாடிய கூட்டம்தான் பிறகு பேண்டானது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப்போன ட்ரம்ஸ் செட்டைத் தொட ஆண்கள் தயங்கி நின்றபோது, அக்கா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அத்தை ஒருத்தி, "பொம்பளப் பிள்ளை இப்பிடியா உக்காருது" என்று அம்மாவிடம் சண்டைக்கே போனாள். அக்கா எழுந்திருக்கவில்லை. செகந்திராபாத் கிளப்புகளில் அவர்கள் ஆங்கிலப் பாட்டுகளை அப்படியே பிரதியெடுத்து வாசித்த காலம் முழுக்க நான் கூடவே போனேன். வயர் சுருட்டினேன். எந்த மேடையில் மைக் கரகரத்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அவர்கள் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். அதைப் போன்ற சந்தோஷம் என் வாழ்க்கையில் குறைவு. நாங்கள் தெருவில் பேசிய பேச்சையே பாடினார்கள்: ஒரு வரி தமிழ், ஒரு வரி தெலுங்கு, நடுவில் ஹைதராபாத் இந்தி. குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. பெரியண்ணன் அங்கே வேலை பார்த்தார். பின்னால் எனக்கும் அங்கேதான் வேலை கிடைத்தது. மேட்டில் ஏறும்போது அந்த பஸ் ஒரு நொடி மூச்சுப் பிடித்து, பிறகு குலுங்கி நகரும். அக்கா அதை அப்படியே ட்ரம்ஸில் கொண்டுவந்தாள். விழ வேண்டிய அடி ஒரு மயிரிழை பிந்தி விழும். கேட்கிறவன் உடம்பு தானாக முன்னால் சாயும். மெட்டு பெரியண்ணனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிந்தி விழும் அடி இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை.

பெட்டி வந்து ஒரு மாதத்துக்குள் அக்காவின் ட்ரம்ஸ் செட் கட்டிலுக்கு அடியில் போனது. தொழிற்சாலை சைக்கிள் ஸ்டாண்டில் பெரியண்ணனை மறித்து நின்றேன்.

"அக்காட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேக்க என்ன இருக்கு? அவளை வெளிய போன்னா சொன்னேன்? முன்னாடி நின்னு ஜல்ஜல்னு டாம்பரின் ஆட்டட்டும். நல்ல சேலையா உடுத்திட்டு வரச் சொல்லு. பாக்கவும் நல்லாருக்கும்."

"அவ ஆட்டுறதுக்கு வந்தவளா?"

"ஏட்டி, பேண்டுன்னா வளரணும். மெட்ராஸ்ல, பம்பாய்ல எல்லாவனும் மிஷின் வச்சிருக்கான். நீ ரசிகை. ரசிகையா இரு."

"வளருறதுக்கும் ஆளை வெட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வாக்குவாதம் செய்யக்கூடத் தகுதியானவளாக அவர் என்னை நினைக்கவில்லை.

அந்த வருஷம் தொழிற்சாலைக் குடியிருப்பு அரங்கில் ஆண்டு விழா. அக்கா வந்தாள். ஏன் சம்மதித்தாள் என்று எனக்குத் தெரியாது. மேடையை விட்டு இருக்க முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நீலப் பட்டுச் சேலையில், கையில் டாம்பரினோடு, முன்னால் நின்றாள். பஸ் பாட்டு தொடங்கியது. சாயங்காலத்தில் எங்கள் பக்கம் வழக்கமாக வரும் வோல்டேஜ் கோளாறு வந்தது. விளக்குகள் மங்கி, மறுபடி எரிந்தன. பெட்டி மட்டும் எல்லாம் மறந்துபோய் வேறு ஏதோ தாளத்தை, கல்யாண ஊர்வலத்துக்கு வாசிப்பதுபோல் ஒன்றை, தட்டத் தொடங்கியது. பெரியண்ணன் பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தினார். பெட்டி நின்றேபோனது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். "பந்த் கரோ யாரோ!" என்று, நிறுத்தச் சொல்லி ஒருவன் இந்தியில் கத்தினான்.

அடுத்து வாசிக்க இருந்த மெல்லிசைக் குழுவின் ட்ரம்ஸ் மேடையின் பின்பக்கம் தயாராக இருந்தது. அக்கா டாம்பரினைத் தரையில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள், குச்சிகளை எடுத்தாள், தொடங்கினாள்.

அந்த அடி பிந்தி விழுந்தது. அரங்கமே முன்னால் சாய்ந்தது. தினமும் அந்த பஸ்ஸில் குலுங்கிப் போகிறவர்கள் அல்லவா, அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காண்டீன் ஆட்களும் இன்ஜினியர்களும் ஒன்றாகக் கைதட்டினார்கள். பாட்டு முடிந்தும் தட்டல் ஓயவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று முழுதாக நம்பினேன்.

பெரியண்ணன் மைக்கைப் பிடித்தார். கிட்டார் வாசித்தவனை, ஆர்கன் வாசித்தவனை, பேஸ் வாசித்தவனைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். பிறகு, "சின்ன டெக்னிக்கல் கோளாறு ஆயிட்டுது. பொறுத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி" என்றார். அதற்குள் ஒருவன் பெட்டியைச் சரிசெய்திருந்தான். அடுத்த பாட்டுக்கு அது டக் டக் என்று ஆரம்பித்தது.

அக்கா குச்சிகளை ட்ரம்மின் மேல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். பின்படிக்கட்டு வழியாக இறங்கினாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். "கோளாறாம்" என்றாள். அந்த பேண்டோடு அவள் அதற்குப் பிறகு வாசிக்கவில்லை, வேறு யாரோடும் வாசிக்கவில்லை. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள்.

அடுத்த வருஷம் கேசட் வந்தது. அட்டையில் நான்கு ஆண்களின் முகம். பஸ் பாட்டு முதல் பாட்டு. இஸ்திரி போட்டதுபோல் ஒரு சுருக்கம் இல்லாமல் ஓடியது. "ஹவ், ஆமா, இப்பதான் சவுண்டே வந்திருக்கு!" என்று கேசட் கடைக்காரர் என்னிடமே சொன்னார். அதற்குப் பிறகும் அவர்கள் பலமுறை மாறினார்கள். சின்தசைசர், சினிமா மெட்டு, பிறகு பக்திப் பாட்டு. நான் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் போனேன். இந்தத் தடவையாவது அவர் மைக்கைப் பிடித்து அவள் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். விசுவாசமான ரசிகை என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் போனது பாதி விசுவாசம், பாதி வஞ்சம்.

போன மாதம் பெரியண்ணன் போன் செய்தார். அந்தக் கேசட்டை யாரோ இளைஞர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடுகிறார்களாம். பேண்டு மறுபடி மேடையேறப் போகிறதாம். முதல் ரசிகை என்று நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும். "அக்காவையும் கூட்டிட்டு வா. முன்வரிசைல உக்கார வச்சு ஒரு சால்வ போத்துவோம்."

அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தலை நிமிராமல், "முன்வரிசைல எனக்கென்னட்டி வேல? ட்ரம்ஸ் பின்னாடிதான கெடக்கும்" என்றாள்.

பெரியண்ணனைத் திரும்பக் கூப்பிட்டேன். மேடையில் ஒரு ட்ரம்ஸ் செட் போட்டால் இருவரும் வருகிறோம் என்றேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் இப்ப லாப்டாப்லயே இருக்குட்டி."

நிகழ்ச்சி நடந்த சாயங்காலம் வீட்டில் இருந்தேன். அவர்கள் மேடையேறி நான் போகாத முதல் நிகழ்ச்சி அது. வயதாகிவிட்டது, இன்னும் என்ன கோபம் என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். வயதானது எனக்கு, நடந்ததற்கு வயதாகவில்லை.

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீ போயிருக்கலாம்லா? உனக்குப் பிடிச்ச பாட்டுல்லா."

வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு சொல் இருக்கிறது. கதவைச் சாத்துவதுபோல் இருக்கும்.

"நக்கோ" என்றேன்.