மூன்று நிமிட ரயிலில் அக்காவைத் தொலைத்த கதை

விமான நிலையத்தில் யாரையாவது சந்திக்கக் கிளம்புகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம், ஒரு சனிக்கிழமை. பெர்த்தில் இருக்கும் என் அக்கா, மாமியாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் திருச்சிக்குப் போகிற வழியில் கோலாலம்பூரில் இறங்கினாள். வந்து இறங்குவது இரண்டாம் முனையம், திருச்சி விமானம் 4.10க்கு முதலாம் முனையத்தில். நாங்கள் பார்த்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு விமானங்களுக்கு நடுவே உள்ள இந்த இடைவெளியை விட்டால் அடுத்து எப்போது என்று தெரியாது.

கிள்ளானில் 11.30க்குக் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது 12.45. பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸ் கடை வடைக்கு அக்கா உயிரையே விடுவாள் என்று வரிசையில் நின்றேன். அதனால் விமான நிலைய ரயில் ஒன்று போயிற்று. அது என் தப்பு. 1.40க்கு அடுத்த ரயில், டிக்கெட் 55 வெள்ளி, அதாவது ரிங்கிட். முதலாம் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாவதுக்கு, நடுவில் நிற்பதையும் சேர்த்து, இன்னும் ஓர் ஐந்து.

அக்காவின் விமானமும் தாமதம். 1.45க்குத்தான் வெளியே வந்தாளாம். அவளுடைய ஆஸ்திரேலிய எண் இங்கே வேலை செய்யாது, நிலையத்து வைஃபை கிடைத்தால்தான் பேச்சு. நான் 2.13க்கு இரண்டாம் முனையத்தில் இறங்கி, வடைப் பொட்டலத்தோடு ஆளைத் தேடுகிறேன், போன் வருகிறது.

"எங்கடா இருக்க?"

"ரெண்டுல. நீ?"

"நான் ஒண்ணாவதுக்கு வந்துட்டேன்டா. நீ ஏன் அவ்வளவு தூரம் அலையணும்னு பார்த்தேன்."

அவ்வளவு தூரமாம்! மூன்று நிமிடம். என் ரயில் முதலாம் முனையத்தில் கதவைத் திறந்து நின்றபோது இவள் மேலே எங்கோ பெட்டியை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். "சரி, அங்கயே நில்லு, நான் வரேன்" என்றேன். "நீ நில்லு, நானே வரேன்" என்றாள். லைன் கட்.

எங்கள் வீட்டில் இது பரம்பரை வியாதி. எதிராளிக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து எல்லோரையும் கஷ்டப்படுத்துவோம். இரண்டு வெள்ளி கொடுத்து 2.28க்கு நான் முதலாம் முனையத்தில் இறங்கினேன். அக்காவைக் காணோம். 2.35க்குப் போன். ஆமாம், இரண்டாம் முனையத்தில் இருக்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. 3.10க்குப் பெட்டி போடும் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

மறுபடியும் டிக்கெட் எடுக்கப் போனேன். நான் போனில் கத்தியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ரயில் நிலையப் பணியாளர், ஒரு தமிழ்ப் பெண், கையை நீட்டி மறித்தார்.

"அண்ணே, எங்க போறீங்க? அவங்க பிளைட் இங்கதானே?"

"பெட்டி வேற வச்சிருக்காங்கம்மா, பாவம்."

"பாவம் பார்த்தா பிளைட் போயிடும் லா. ஒரு ஆள் நில்லுங்க."

நின்றேன். நீயே இங்கே வா என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு தூணோரமாக நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. 2.52க்கு அக்கா வந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. நான்கு வருடம் கழித்துப் பார்த்தவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "உனக்கு அறிவிருக்கா?" அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதே கதிதான்.

ரயில் நிலையம் முதல் மாடி, புறப்பாடு ஐந்தாம் மாடி. லிஃப்டுக்குள்ளேயே ஒரு வடை தின்றுவிட்டாள். ஆறிப் போயிருந்தது, நல்லாயிருக்கு என்றாள். 3.06க்குப் பெட்டி உள்ளே போனது. அதற்கப்புறம் நுழைவாயில் வரை நடந்த ஐந்தாறு நிமிடம்தான் நாங்கள் பேசியது.

ஆகவே மக்களே, எந்த முனையம் என்று டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சந்திக்கும் இடத்தை எழுதி அனுப்புங்கள். வைஃபையை நம்பாதீர்கள். மிக முக்கியம், யாராவது ஒருவர் அசையாமல் நில்லுங்கள். கட்டணங்களை மட்டும் போவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவாயிலைத் தாண்டியதும் அக்கா திரும்பி, நீ கிளம்பு, லேட்டாகிறது என்று கை காட்டினாள். நீ முதலில் போ என்று நான் காட்டினேன். அவள் மறுபடியும் காட்டினாள். அன்றைக்கு முழுவதும் ஓடிய இரண்டு பேரும் அப்போது மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.