அயனி மரத்தடியில் இருமியவர்

கொல்லயில் ஊரில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடியவர் அவர். ஒட்டிய கன்னம், மெலிந்த கழுத்து. பேசும்போதே நெஞ்சுக்குள் கஞ்சி கொதிப்பதுபோல் சத்தம் கேட்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வெளியே போவார். அயனி மரத்தடியில் இருமி இருமிச் சளியைத் துப்பி, காலால் மண் தள்ளி மூடிவிட்டு வருவார். பிறகு அவர் பாடினால் பெஞ்சு அதிரும்.

எங்களுக்கோ அது அருவருப்பு. அறுப்பின் பண்டிகைக்குப் பேராயர் வருகிறார் என்று, பாறசாலை மருந்துக்கடையில் இருமலை நிறுத்தும் மருந்து கேட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். மூன்று நாள் விடாமல் குடித்தார். பண்டிகையன்று ஆராதனை முடியும்வரை இருமவே இல்லை.

"பாத்தியா மக்கா, ஒருக்காகூட வெளிய போவல்ல!" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சுக்குழாயெல்லாம் சளி அடைத்துவிட்டது, இத்தனை வருஷம் அதை வெளியே தள்ளிக் காப்பாற்றியதே அந்த இருமல்தான், அதை நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் மலையாளத்தில் கத்தினார். நான் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றேன்.

மூக்கில் குழாயோடு அவர் என் கையைப் பிடித்தார்.

"எனக்க இருமலால பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒறக்கமே இல்ல. நீ தந்தது நல்ல மருந்தாக்கும். ஒரு குப்பி கூடி கிட்டுமா மக்கா?"

"வாங்கிட்டு வாறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை அவருடைய கல்லறையருகே நின்று பாடினோம். நடுவில் ஒரு இருமல்கூட இல்லை.