பல்லவ ராஜாவும் வறுத்த பயறும்

பத்து வயதுவரை என்னைப் பல்லவ ராஜா என்று நம்பிக்கொண்டிருந்த அடிமுட்டாள் நான். இந்த ஜென்மத்தில் இல்லை, போன ஜென்மத்தில். ஆதாரம் இருந்தது: பெருமாள் கோயில் யானை என்னைக் கண்டதும் தும்பிக்கையைத் தூக்கியது. அப்போது என் கையில் வாழைப்பழம் இருந்ததை நான் ஆதாரத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

கிறுக்குப் பிடித்ததும் அந்தக் கோயிலில்தான். உத்தரத்துத் தங்கப் பல்லியைத் தொடும்போது, "இது முன்ன ஒரு முனிவரோட சிஷ்யன்பா, சாபத்துல பல்லியாயிட்டான்" என்று வரிசையில் ஒருவர் சொன்னார். பல்லிக்கே பூர்வ கதை இருக்கும்போது சின்ன காஞ்சிபுரத்துக்காரனுக்கு இருக்கக் கூடாதா? வீட்டில் எல்லாருக்கும் பிறவி பிரித்துக் கொடுத்தேன். இடுப்புவரை தறிக்குழியில் கிடக்கும் அப்பா, வளை எலி. விடியுமுன் தெருவையே எழுப்பிவிடும் அம்மா, சேவல்.

"தறிய விட்டு ஏறி வந்தேன்னு வெச்சுக்கோ, அடுத்த ஜென்மத்துக்கே அனுப்பிடுவேன்" என்றது எலி.

அத்தையை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லையென்று மாகறலில் இருந்து மாமியார் அனுப்பிவைத்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். ஒருநாள் திருப்புட்குழி கோயிலுக்குப் போய்க் குளத்தில் முழுகி, வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். விடிவதற்குள் அது முளைவிட்டால் பிள்ளை உண்டு என்பது நம்பிக்கை. "மொளைச்சா வரட்டும், இல்லன்னா அங்கயே கெடக்கட்டும்" என்பது மாமியாரின் உத்தரவு.

அன்று சாயங்காலம், முடிச்சு நசுங்கிவிடுமோ என்று குனியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை கேட்டாள்: "எனக்கு இன்னாடா? எலியா, பல்லியா?"

"நீ ராணி அத்தே. நான்தான் உன் பையன்."

"நீயா? ராஜ்ஜியத்தயே தின்னு தீத்திருப்பியே!"

"நீதான் ஊட்டிக்கினே இருந்த."

எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அத்தை வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சிரிக்கும்போதும் ஒரு கை மடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காலையில் முற்றத்தில் முடிச்சை அவிழ்த்தாள். பயறு உப்பியிருந்தது, லேசாகப் புளித்த வாடை. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தறிச் சத்தம் நின்றது. "இன்னா ஆச்சு?" என்று அப்பா குழிக்குள்ளிருந்தே கேட்டார். அத்தை அடுத்த பயறைத் திருப்பினாள். சற்றுப் பொறுத்துத் தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

"சுண்டல் பண்ணலாமா?" என்று கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் பல்லவ ராஜா துள்ளிக் குதித்தார்.

அத்தை அழவில்லை. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் ராஜா ஏதாவது கொடுக்காமல் இருக்கலாமா? பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போனா போவுது அத்தே. போன ஜென்மம் மாதிரியே அடுத்த ஜென்மத்துலயும் உனக்கே பொறக்கறேன்" என்றேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு ஜென்மங்களை அள்ளிக் கொடுத்துவிட்ட பெருமை எனக்கு. நடுவில் இருக்கிற இந்த ஒன்றைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை.

அத்தை பயறைச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் துணியை உதறினாள்.

"வறுத்தது மொளைக்காதுடா."