உள்ளே திறக்கும் கதவு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. குடித்துவிட்டு உளறுகிறேன் என்றுகூட ஊரில் சொன்னார்கள். டீயைத் தாண்டி நான் எதையும் தொட்டதில்லை. நான் தச்சன். ஒரு சட்டம் கோணலா நேரா என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. இதிலும் பார்த்ததை மட்டும்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கூட்ட அரங்கு... எங்கிருந்தாவது வெளியே வரும்போது கதவைக் கவனித்திருக்கிறீர்களா? தள்ளினால் போதும். வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். எங்கள் ஊரில் முன்பு அப்படி இல்லை. எல்லாக் கதவும் உள்பக்கம்தான் திறக்கும். கீல் உள்ளே இருந்தால் திருடனால் கழற்ற முடியாது. என் அப்பா அப்படித்தான் மாட்டினார், நானும் அப்படியே மாட்டினேன். அந்த வழக்கத்தை மாற்ற ஒரு தியேட்டர் எரிய வேண்டியிருந்தது. எந்த ஊரிலும் இப்படித்தான் போல. ஜனங்கள் செத்த பிறகுதான் சட்டம் பிறக்கும்.

அப்படிச் செத்தவர்களில் ஒருத்தி என் மகள்.

எட்டு வயது. நான் மரம் இழைக்கும்போது விழும் சுருள்களைத் தோடு மாதிரி காதில் மாட்டிக்கொண்டு பட்டறை முழுக்கத் திரிவாள். அதனால் அவளைச் ‘சீவல்’ என்றுதான் கூப்பிடுவோம். தியேட்டர் எரிந்ததற்கு முந்தின நாள் என் சுத்தியலை எடுத்து எதையோ தட்டப் போய், வலது கட்டைவிரலை நசுக்கிக்கொண்டாள். அவள் அம்மா துணி சுற்றிக் கட்டிவிட்டாள். அந்தக் கட்டோடுதான் பக்கத்து வீட்டுக்காரர்களுடன் படம் பார்க்கப் போனாள்.

நான் அழைத்துவரப் போனபோது மணி ஆறு பத்து. பக்கவாட்டுக் கதவின் இடுக்கில் புகை. தாழ்ப்பாள் திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளேயிருந்த கூட்டம் மொத்தமும் கதவில் வந்து அப்பிவிட்டது. உள்பக்கம் திறக்கிற கதவு. அவர்கள் அழுத்த அழுத்த மூடிக்கொண்டது. வெளியே நாங்கள் ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளினோம். உயிரைக் கொடுத்துத் தள்ளினோம். அசையவில்லை.

தீயணைப்புக்காரர் ஒருவர்தான் கடைசியில் அவளைத் தூக்கிவந்து என் கையில் கொடுத்தார். “சீட்டுலயே இருந்தாப்பா. தூங்குற மாதிரி. புகைதான்... பிள்ளைக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது” என்றார்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் மனைவியும் உயிரோடு இருந்தோம்.

அதன்பிறகு ஊரிலுள்ள பொதுக் கட்டிடக் கதவுகளையெல்லாம் திருப்பி மாட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பாதி வேலை என்னிடம்தான் வந்தது. வெறி பிடித்தவன் மாதிரி செய்தேன். என் வீட்டுக் கதவை மட்டும் தொடவில்லை. அதன் நிலையில் உள்பக்கமாக, சீவலின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உளியால் கோடு போட்டு வைத்திருந்தேன். அதில் கை வைக்க மனம் வரவில்லை.

ஏழு மாதம் போனது.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி அவள் அக்கா வீட்டில் இருந்தாள். பொழுது சாய்ந்தால் அவளால் இந்த வீட்டில் இருக்க முடியாது. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். எல்லாம் வழக்கம் போலத்தான்.

சாவியைத் திருப்பினேன். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

மழையில் மரம் உப்பிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மழை பெய்து இரண்டு மாதமாகிறது.

உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். கதவு சுட்டது. என் வாசலில் வெயிலே படாது.

இன்னும் அழுத்தித் தள்ளினேன். ஒரு விரல் அளவு உள்ளே போனது. பிறகு மெதுவாக... திரும்ப மூடிக்கொண்டது.

“யாரு உள்ளே?”

செல்போனைப் பார்த்தேன். ஆறு பத்து.

டப்... டப்... டப்...

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். கீழே. என் இடுப்பு உயரத்தில்.

தோளைக் கொடுத்து முட்டினேன். அன்றைக்கு முட்டிய மாதிரியே.

“அப்பா...”

நின்றுவிட்டேன்.

“தள்ளாதப்பா... கை வலிக்குது.”

கையை எடுத்தேன்.

கருவிப் பையில் சின்னக் கடப்பாரை இருந்தது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே செருகினேன். காரை உதிர்ந்தது. “இரும்மா, தள்ளலை. இழுக்குறேன். அப்பா இழுக்குறேன்” என்று சொல்லிக்கொண்டே நெம்பினேன். நான் கோடு போட்டு வைத்த நிலை, என் கையாலேயே பிளந்தது. கதவும் நிலையும் ஒன்றாகப் பெயர்ந்து வெளிப்பக்கம் விழுந்தன.

உள்ளே யாருமில்லை.

காலையில் நான் டீ குடித்துவிட்டு வைத்த டம்ளர் மேசைமேல் அப்படியே இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் என் மனைவி ஓடிவந்தாள். டார்ச் அடித்து, விழுந்து கிடந்த கதவைப் பார்த்தாள்.

“ஏங்க... இங்க வாங்க.”

கதவின் உள்பக்கத்தில் கரிக் கைத்தடம். சின்னக் கை. நாலு விரல் தெளிவாக இருந்தது. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் துணி தேய்ந்த மாதிரி ஒரு தீற்றல்.

அதன் இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு தடங்கள். பெரியவை. வலது கையின் மோதிர விரலில், மோதிரம் அழுந்திய கோடு. என் மனைவி அதன்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அந்தக் கை இன்னும் பெரியது.

“இது யாரு கை?” என்றாள். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அந்தத் தீயணைப்புக்காரரைத் தேடிப் போனேன். “சீட்டுலதான் இருந்தாளா? உண்மையைச் சொல்லுங்க” என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“இல்லப்பா. கதவுகிட்ட. எல்லாருக்கும் முன்னால. நீ அந்தப் பக்கம் நின்னு தள்ளினதை நான் பார்த்தேன். எந்த வாயால சொல்லுவேன்?”

அவரே தொடர்ந்தார்.

“ஆனா உன் பிள்ளை நசுங்கலை. அவ பின்னால ஒரு பொம்பளை நின்னிருந்தாங்க. ரெண்டு கையையும் கதவுல ஊன்றி, மொத்தக் கூட்டத்தையும் முதுகுல தாங்கியிருக்காங்க. பிள்ளைக்கு நடுவுல இடம் விட்டு. அந்தக் கையைக் கதவுலேர்ந்து எடுக்க எங்களுக்கு ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு.”

“யாரு அவங்க?”

“தெரியலை. தேடி யாருமே வரலை.”

இப்போது என் வீட்டுக்கு வெளியே திறக்கும் கதவு மாட்டிவிட்டேன். அதன்பிறகு சத்தம் எதுவும் வரவில்லை. பழைய கதவைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். துடைக்கவில்லை. ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு யாராவது எப்போதாவது வந்தால், அவர்களிடம் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை.